அட்லாண்டா பக்கத்துப் பாறை மலைகள்: அரேபியாவா, பனோலாவா, ஸ்டோன் மவுண்டனா?

மார்ச் பிறந்ததும் அட்லாண்டாவில் இருக்கும் நம்மவர்கள் கேட்கத் தொடங்கும் கேள்வி இது: மொட்டைப் பாறை மேல் ரத்தச் சிவப்பில் செடி படர்ந்திருக்கும் படம் ஒன்று பார்த்தோமே, அது எந்த இடம்? பெரும்பாலானவர்கள் ஸ்டோன் மவுண்டன் என்று நினைத்துக்கொண்டு அங்கே போகிறார்கள். கேபிள் காரில் ஏறி, மேலே நின்று படம் எடுத்துவிட்டு, அந்தச் சிவப்பைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். பாறை அங்கேயும் இருக்கிறது, செடியும் இருக்கிறது. ஆனால் மூன்று மலைகள் இருக்கும்போது எதற்கு எப்போது போவது என்று யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டோன் மவுண்டன், அரேபியா மவுண்டன், பனோலா மவுண்டன் ஆகிய மூன்றுமே நகர மையத்துக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் காரில் அரைமணி, முக்கால் மணி தூரத்தில் இருக்கின்றன. ஆல்ஃபரெட்டா, கமிங் பக்கம் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டைப் பார்க்க முடியாதா என்றால் முடியும். ஆனால் இந்தச் செடிகளில் பல விரல் நகத்தைவிடச் சிறியவை. குனிந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. அவசரமாகப் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவோம். ஒரு நாளைக்கு ஒரு மலை போதும்.

பாறையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவும் வட அமெரிக்காவும் மோதி அப்பலேச்சியன் மலைத்தொடர் எழுந்த காலத்தில், பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி இறுகியதுதான் ஸ்டோன் மவுண்டன். பள்ளிப் பாடத்தில் தீப்பாறை என்று படித்தோமே, அந்த வகையில் வரும் கிரானைட். மேலே மூடியிருந்ததெல்லாம் காலப்போக்கில் அரித்துப்போக, கெட்டியான இந்த உருண்டை மட்டும் வெளியே நின்றுவிட்டது. பனோலாவும் கிரானைட்தான். அரேபியா இவற்றைவிட மூத்தது, சுமார் 40 கோடி ஆண்டு என்கிறார்கள். அது பழைய பாறை ஒன்று பாதி உருகி மறுபடி இறுகியது. உருகியதும் உருகாததும் கலந்துபோனதால் அதன் மேல் வெள்ளையும் சாம்பலுமாக வரிகள் நெளிந்து ஓடும். புவியியல் வகுப்பில் இதைத் தனியாகப் பிரித்துச் சொல்வார்கள். செடிகளுக்கு மூன்றும் ஒன்றுதான். வெயிலில் காயும் மொட்டைப் பாறை, பள்ளங்களில் ஒரு கைப்பிடி மண், அவ்வளவுதான் அவற்றுக்குக் கிடைப்பது.

அந்தக் கைப்பிடி மண்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பாறை மேல் மழைநீர் தேங்கித் தேங்கி ஆழமற்ற பள்ளங்கள் உண்டாகின்றன. அதில் பாறையே உதிர்ந்து மணல் சேர்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் இருந்தால் ஒரு செடி, ஒரு சாண் இருந்தால் வேறு செடிகள், அதற்கும் மேல் சேர்ந்தால் புல், புதர், கடைசியில் பைன் மரம். ஒரே பள்ளத்தில் விளிம்பிலிருந்து நடுவரைக்கும் நடந்தால் இந்த வரிசை முழுவதையும் பார்த்துவிடலாம். கோடையில் பாறையின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்காலத்தில் அதே பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், சில இரவுகளில் உறைந்தும் போகும். இரண்டையும் தாங்கும் செடிகள் உலகில் அதிகம் இல்லை. இங்கே இருப்பவற்றில் சில, விர்ஜீனியாவிலிருந்து அலபாமா வரை நீளும் இந்தப் பாறை வரிசையைத் தவிர வேறு எங்கும் இயற்கையாக வளர்வதே இல்லை. ஜார்ஜியாதான் அவற்றின் தலைமையகம்.

சரி, இப்போது எங்கே போவது என்று பார்க்கலாம்.

அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும் என்றால் அரேபியா மவுண்டன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 955 அடிதான், ஏற்றமும் சாய்வானது. ஆறு வயதுக் குழந்தையும் ஏறிவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை. முன்பு இது கல் குவாரி. டேவிட்சன் குடும்பம் 1970-களின் தொடக்கத்தில் நிலத்தை டிகால்ப் கவுன்ட்டிக்குக் கொடுத்தது. சுற்றியுள்ள பகுதியோடு சேர்த்து 2006-இல் தேசியப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தார்கள். கல் வெட்டிய தடங்கள் இன்னும் அங்கங்கே தெரிகின்றன. மேலே பாதை என்று எதுவும் வரைந்திருக்காது. சிறு கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள், ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியல் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். குழந்தைகள் அந்தக் கல்லை எடுத்து விளையாட ஆசைப்படும், புதிதாக ஒன்று அடுக்கவும் ஆசைப்படும். இரண்டுமே வேண்டாம். பனிமூட்டத்தில் ஏறுகிறவருக்கு அதுதான் வழி.

சிவப்புச் செடியின் பெயர் டயமார்ஃபா. ரணகள்ளி குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் உயரம் ஒரு விரலைத் தாண்டாது. இலைகள் நெல்மணி அளவுக்குத் தடித்து, சாறு நிறைந்து, பளபளக்கும் சிவப்பில் இருக்கும். மண் மிக மிக மெல்லியதாக இருக்கும் பள்ளங்களை மட்டும் இது பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் அங்கே போட்டிக்கு வேறு யாரும் வர முடியாது. மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் நான்கு இதழுள்ள குட்டி வெள்ளைப் பூக்கள் அந்தச் சிவப்பின் மேல் தூவினாற்போல் வரும். பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள், எறும்புகள் பூவுக்குப் பூ ஏறி இறங்கும். மகரந்தத்தைச் சுமப்பவை முக்கியமாக அவைதான். எறும்பை நம்பிப் பூக்கும் செடிகள் மிகக் குறைவு. இந்தப் பாறையில் செடிகள் தரையோடு தரையாக, ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பதால் எறும்புக்கு அது முடிகிறது.

மே மாதத்தில் செடி செத்துவிடும். ஆனால் விதையைக் கீழே போடாது. காய்ந்த தண்டு அப்படியே நிமிர்ந்து நிற்க, விதைகள் அதன் உச்சியிலேயே கோடை முழுவதும் காத்திருக்கும். கீழே பாறை கொதிக்கிறது, மேலே ஒரு விரல் உயரத்தில் சூடு கொஞ்சம் குறைவு. இலையுதிர் காலத்து மழையில்தான் விதை இறங்கி முளைக்கும். ஜூலையில் போகிறவர்கள் பழுப்பாக நிற்கும் அந்தக் குச்சிகளைக் காய்ந்த குப்பை என்று நினைத்து மிதித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டின் சிவப்பு முழுவதும் அந்தக் குச்சியில்தான் இருக்கிறது.

அரேபியாவில் இன்னொன்றும் உண்டு, அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மண் அதிகம் சேராமல், விளிம்பு உயர்ந்து, தண்ணீர் நிற்கும் பள்ளங்கள் சில இருக்கின்றன. நம்மூர் மலைச் சுனைகளின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் அவற்றின் தண்ணீர் மேல் சோடி சோடியாகச் சிறிய இலைகள் மிதக்கும். ஒவ்வொரு சோடியையும் நூல் போன்ற ஒரு தண்டு அடியிலிருந்து பிடித்திருக்கும். சோடிக்கு நடுவே குண்டூசித் தலை அளவில் ஒரு வெள்ளைப் பூ. பூல் ஸ்ப்ரைட் என்று பெயர். இதே செடி தண்ணீருக்கு அடியிலும் பூக்கும். அந்தப் பூக்கள் திறக்காமலே தமக்குள் மகரந்தம் சேர்த்து விதை கட்டிவிடும். சுனை எந்த வாரம் வற்றும் என்று தெரியாத இடத்தில் இரண்டு வழியையும் கையில் வைத்திருக்கிறது. முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க அதற்குச் சில வாரங்கள் போதும். இதையும், இதே சுனைகளில் வளரும் குயில்வர்ட் வகைகள் இரண்டையும் அமெரிக்க அரசு 1988-இல் பாதுகாக்க வேண்டிய செடிகளின் பட்டியலில் சேர்த்தது.

குயில்வர்ட் பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஆனால் பூவே பூக்காத மிகப் பழைய வம்சம். அதற்குத் தமிழ்நாட்டிலும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஐசோயெட்டிஸ் கோரமாண்டலினா என்று சோழமண்டலக் கரையின் பெயராலேயே வழங்கும் செடி, மழைக்காலக் குட்டைகளில் வருவது. அரேபியா மவுண்டன் இருக்கும் லித்தோனியாவில் ஒரு பாறைச் சுனைக்கு முன்னால் உட்கார்ந்து இதை நினைக்கும்போது எனக்கு ஊர் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும்.

அரேபியாவின் குறை என்னவென்றால் கூட்டம். சிவப்புப் படங்கள் பரவிய பிறகு மார்ச், ஏப்ரல் வார இறுதிகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. வருகிறவர்களில் சிலர் படத்துக்காக நேராகச் செடித் திட்டுக்குள்ளேயே போய் நிற்கிறார்கள். ஒரு கால் வைத்த இடத்தில் மண் பெயர்ந்து, அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மண் சேர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்! இதைப் பார்க்கும்போது வரும் வேதனையை மறைக்க நான் விரும்பவில்லை. வெறும் பாறையில் மட்டும் கால் வையுங்கள், அங்கே எவ்வளவு நடந்தாலும் பரவாயில்லை. கறுப்பாக, சாம்பலாக, பச்சையாக ஏதாவது ஒட்டியிருந்தால் சுற்றிப் போங்கள். அது லைக்கன் அல்லது பாசி. நாம் பிரியாணியில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான், அதனால் நமக்கு அது அந்நியமில்லை. மெத்தை மெத்தையாக வெளிர்சாம்பல் நிறத்தில் கிடக்கும் வகை ஒன்று உண்டு. மழைக்குப் பின் பஞ்சாக இருக்கும், காய்ந்த நாளில் மிதித்தால் அப்பளமாக நொறுங்கும். மறுபடி வளர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இந்த வேதனைக்கு விடைதான் பனோலா. கிட்டத்தட்ட 100 ஏக்கர் கிரானைட், குவாரிக்காரர்கள் வெட்டாமல் தப்பியது. 1974-இல் மாநிலப் பூங்கா ஆனது, 1980-இல் தேசிய இயற்கைச் சின்னம் என்ற தகுதி பெற்றது. பாறை மேல் நாமாக ஏறிவிட முடியாது. பூங்காவின் வழிகாட்டி கூட்டிப் போகும் நாளில், முன்பதிவு செய்து, அவரோடுதான் போக வேண்டும். பலருக்கு இது எரிச்சல். சனிக்கிழமை காலை எழுந்து வெயில் நன்றாக இருக்கிறதே, கிளம்பலாம் என்கிற குடும்பத்துக்கு இது ஒத்துவராது.

ஆனால் செடியைத்தான் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் பனோலாவைத்தான் முதலில் சொல்வேன். ஒரு வழிகாட்டி கூட இருந்தால் கண்ணில் படுபவை பல மடங்கு. டயமார்ஃபா திட்டின் ஓரத்தில் வெள்ளையாக நிற்கும் சாண்ட்வர்ட், இலையில் பஞ்சு பூசினாற்போல் மஞ்சள் பூவோடு நிற்கும் வூலி ராக்வர்ட், இதெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் சும்மா கடந்துவிடுவோம். அப்புறம், பள்ளங்களின் ஓரத்தில் லைக்கன் மெத்தை உடையாமல் முழுசாக இருப்பதை அங்கேதான் பார்க்கலாம். மனிதக் கால் அதிகம் படாத பாறை எப்படி இருக்கும் என்று பார்த்த பிறகு மற்ற இரண்டு மலைகளையும் பார்க்கிற பார்வை மாறிவிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1980-களிலிருந்து இங்கே மழைநீர் எப்படி ஓடுகிறது, பாறை எப்படிக் கரைகிறது என்று அளந்து வருவதும் இடம் கெடாமல் இருப்பதால்தான். ஐந்து, ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும், கேட்கப் பொறுமையுள்ள பிள்ளைகளுக்குச் சரியான இடம். மாநிலப் பூங்கா என்பதால் 5 டாலர் பார்க்கிங் கட்டணமும், நடைக்குத் தனிக் கட்டணமும் இருக்கும். போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டோன் மவுண்டனுக்கு வருவோம். மூன்றில் பெரியது, 1,686 அடி. சுற்றியுள்ள நிலத்திலிருந்து 825 அடி எழும்பி நிற்கிறது. பனாமா கால்வாய் மதகுகளுக்கு இங்கிருந்துதான் கல் போனது. நடந்து ஏற ஒரு மைல், கடைசிப் பகுதி செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். முடியாதவர்களுக்குக் கேபிள் கார். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது, அப்பாவுக்கு முட்டி வலி என்றால், கிரானைட் உச்சியில் அவரை நிற்கவைக்க இதை விட்டால் வழியில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த மலையை ஒதுக்க மாட்டேன். காருக்கு 20 டாலர், கேபிள் காருக்குத் தனி. மற்ற இரண்டோடு பார்த்தால் செலவு அதிகம்.

வசந்தத்தில் செடி பார்க்க இது மூன்றாம் இடம்தான். உச்சியில் சுனைகள் உண்டு, குயில்வர்ட் வகை ஒன்றை அறிவியல் உலகம் முதலில் அறிந்ததே இந்த மலையிலிருந்துதான். ஜார்ஜியா ஓக் என்ற குள்ள ஓக் மரமும் முதலில் இங்கேதான் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் ஆண்டு முழுக்க ஏறும் கால்கள் நடைபாதையின் இரு பக்கமும் பாறையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டன.

செப்டம்பர் வந்தால் கதை வேறு. ஸ்டோன் மவுண்டன் டெய்சி என்ற மஞ்சள் சூரியகாந்தி வகை, முழங்கால் உயரத்தில், பாறைப் பள்ளம் ஒவ்வொன்றையும் நிரப்பிக்கொண்டு பூக்கும். இதுவும் ஒரே ஆண்டு வாழும் செடி. டயமார்ஃபா ஒதுங்கிக்கொள்ளும் கோடையை இது நேருக்கு நேர் தாங்கிக்கொண்டு, வசந்தத்தில் முளைத்து, எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாகப் பூக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அரேபியாவிலும் பனோலாவிலும்கூட இருக்கும். ஆனால் சாம்பல் நிற மலைச்சரிவு முழுக்க மஞ்சள் திட்டுகளைத் தூரத்திலிருந்து பார்க்கும் காட்சி, மலை பெரிது என்பதால், இங்கேதான் நிறைவாக இருக்கிறது. அதே மாதத்தில் இந்தப் பூவின் பெயரால் கைவினைத் திருவிழாவும் நடக்கும். அந்த நாட்களில் போக்குவரத்து நெரிசல் தாங்காது, வேறு நாளில் போங்கள்.

ஸ்டோன் மவுண்டன் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். மலையின் முகத்தில் செதுக்கியிருக்கும் மூன்று குதிரை வீரர்கள், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர்கள். 1915-இல் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபடி தொடங்கப்பட்டதும் இந்த உச்சியில்தான். மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் வாஷிங்டனில் பேசியபோது, சுதந்திரம் ஒலிக்கட்டும் என்று அவர் பெயர் சொல்லி அழைத்த மலைகளில் இதுவும் ஒன்று. பிள்ளைகளோடு போகிறவர்கள் சிற்பத்துக்கு முன் நின்று படம் எடுப்பதற்குமுன் இவற்றை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். சில நண்பர்கள் இதனாலேயே அங்கே போவதில்லை. அதை நான் மதிக்கிறேன். டெய்சியை அவர்கள் அரேபியாவில் பார்த்துக்கொள்ளலாம்.

மே, ஜூனில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் என்ன செய்வது? சப்பாத்திக்கள்ளி மஞ்சளாகப் பூத்திருக்கும். ஃபேம்ஃப்ளவர் என்ற இளஞ்சிவப்புப் பூ பிற்பகலில் சில மணி நேரம் மட்டும் திறக்கும், காலையில் போனால் மொட்டுதான். இதற்காக வெயிலில் போவது உங்கள் உடம்பைப் பொறுத்தது. அரேபியாவுக்கு மாலை நாலு மணிக்கு மேல் போனால் சமாளிக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் நடுவரை மூன்று மலையும் வேண்டாம் என்பேன். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: ஈர மணலில் டயமார்ஃபா நாற்றுகள் சிவப்புப் பாசிமணி சிதறினாற்போல் தெரியும், கூட்டமும் இருக்காது. ஆனால் ஈரப்பாறை வழுக்கும், உறைந்திருந்தால் ஏறவே கூடாது.

எனவே முதல் தடவை போகிறவர்கள் அரேபியாவுக்கு, மார்ச் கடைசி வாரத்திலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ போங்கள். அது பிடித்துப்போனால் அடுத்த வசந்தத்தில் பனோலாவில் முன்பதிவு செய்யுங்கள். பெற்றோர் வருகையைச் செப்டம்பரில் வைத்திருந்தால் ஸ்டோன் மவுண்டன். எந்த மலையானாலும், போவதற்கு முந்தின பத்து நாளில் நல்ல மழை பெய்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், குறிப்பாகச் சுனைச் செடிகளுக்காகப் போகிறவர்கள். மழை இல்லாவிட்டால் தண்ணீர் இருக்காது, பூல் ஸ்ப்ரைட்டும் இருக்காது. முடிந்தால் வார நாளில், காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ, தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். பாறை மேல் நிழலே கிடையாது. ஒரு சிறிய பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள், டயமார்ஃபா பூவில் எறும்பு ஏறுவதைப் பார்க்க உதவும்.